ஏலத் தோட்டங்களை எட்டாத சலுகை

மாற்றுத் திறனாளிகளுக்கு அரசுத் துறையில் இட ஒதுக்கீடு, தனியார் துறையில் அவர்களை வேலைக்கு அமர்த்தும் முதலாளிகளுக்குச் சலுகை. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் மத்திய அரசின் கொள்கை இவ்விரு வழிகளில்தான் சென்று கொண்டிருக்கிறது. தில்லியிலிருந்து பார்த்தால் இரண்டும் நல்ல வழிகளே. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டியுள்ள வண்டன்மேட்டில் நின்று பார்த்தால் அவ்வாறு தோன்றாது.

ஏலக்காய் வர்த்தகத்துக்குப் பெயர்பெற்ற ஊர் வண்டன்மேடு. அருகில் உள்ள புற்றடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இயங்குகிறது. கம்பம், போடி பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், நாள்தோறும் ஜீப்புகளில் மலையேறி இத் தோட்டங்களுக்கு வந்து, மாலையில் திரும்புகின்றனர். இங்கு வேலை என்றாலே ஏலத் தோட்ட வேலைதான். அரசு அலுவலகப் பணியிடங்கள் சொற்பம்.

1995-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணியில் 3 சதவீத ஒதுக்கீடு அளித்தது. ஒவ்வொரு பணித் தொகுப்பிலும் உள்ள மொத்த இடங்களின் அடிப்படையில் இதைக் கணக்கிட வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே அதற்கு உயிர் வந்தது. 2017-இல் நடைமுறைக்கு வந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கீட்டை 4 சதவீதமாக உயர்த்தியது. இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட தோட்டத் தொழிலாளியின் மகனுக்கோ மகளுக்கோ இதனால் பயன் மிகக் குறைவு.

எஞ்சியது தனியார் துறை. மொத்த ஊழியர்களில் குறைந்தது 5 சதவீதம் பேர் மாற்றுத் திறனாளிகளாக இருக்கும் வகையில் முதலாளிகளுக்கு ஊக்கச் சலுகை தர வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு. "பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு" என்ற நிபந்தனையும் அதனுடனேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. எனவே சலுகை தராத அரசையோ, வேலை தராத முதலாளியையோ யாரும் கேள்வி கேட்க முடியாது. ஜெர்மனியில் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் 5 சதவீத இடங்களைக் கடுமையான ஊனமுற்றோருக்கு அளிக்காவிட்டால், நிரப்பாத ஒவ்வோர் இடத்துக்கும் தொகை செலுத்தியாக வேண்டும். நம் நாட்டில் அத்தகைய கட்டாயம் இல்லை.

இருக்கும் சலுகையின் வடிவமே கோளாறானது. 2007 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டு, 2008 ஏப்ரலில் தொடங்கிய திட்டத்தின்படி, மாதம் 25 ஆயிரம் ரூபாய் வரை ஊதியம் பெறும் மாற்றுத் திறனாளிக்காக முதலாளி செலுத்த வேண்டிய வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. பங்கை முதல் மூன்று ஆண்டுகளுக்கு மத்திய அரசே ஏற்கும் என்று கூறப்பட்டது. ஆண்டுக்கு ஒரு லட்சம் வேலை என்பது இலக்கு; ஒதுக்கீடு 1,800 கோடி ரூபாய். இலக்கின் அருகில்கூடத் திட்டம் செல்லவில்லை.

காரணத்தைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. வைப்பு நிதிச் சட்டம் பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களுக்கே பொருந்தும். ஈ.எஸ்.ஐ. வளையத்துக்குள் தோட்டங்கள் நெடுங்காலம் இல்லை. 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும், தோட்ட உரிமையாளர் விரும்பினால் சேரலாம் என்றே சொல்கிறது. ஏலத் தோட்டங்களில் பெரும்பாலானவை சிறு விவசாயிகளுடையவை; அங்கு அன்றாடக் கூலிக்குத்தான் ஆள் எடுக்கிறார்கள். பங்கே செலுத்தாத முதலாளிக்கு, அப் பங்கை நாங்கள் செலுத்துகிறோம் என்று அரசு கூறுவதால் யாருக்கு லாபம்?

சரிவான மலையில் மாற்றுத் திறனாளிகளால் என்ன வேலை செய்ய முடியும் என்று தோட்ட உரிமையாளர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஏலக்காய் செடியின் அடியில் காய்ப்பது. குனிந்தும் குத்துக்காலிட்டும்தான் பறிக்க வேண்டும். கால் ஊனமுற்றவருக்கு இது இயலாது. ஆனால் ஏலத் தொழில் என்பது பறிப்பது மட்டுமல்ல. நாற்றங்காலில் பைகளில் மண் நிரப்புவது, உலர்த்திய காயில் வெடித்ததையும் நிறம் மங்கியதையும் பொறுக்கி ஒதுக்குவது, எடை போடுவது, கணக்கு எழுதுவது எனப் பல வேலைகள் உட்கார்ந்தே செய்யத்தக்கவை. காது கேளாதவருக்குப் பறிப்பு வேலையிலும் தடை இல்லை. தரம் பிரிக்க இயந்திரங்கள் வந்து கொண்டிருக்கும் காலம் இது. தாமதித்தால் இந்த வாய்ப்பும் குறையும்.

மற்றொரு அநீதியும் உண்டு. பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரைப் பணிநீக்கம் செய்யக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே கட்டளையிடுகிறது. தோட்டத்தில் வழுக்கி விழுந்தோ, ஜீப் கவிழ்ந்தோ கை கால் இழக்கும் கூலித் தொழிலாளிக்கு, வழக்காடினால் இழப்பீடு கிடைக்கலாம்; வேலை திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத் திறனாளிகள் உள்ளனர். அவர்களில் சுமார் 69 சதவீதம் பேர் கிராமப்புறத்தினர். வேலையில் இருப்போர் மொத்தத்தில் ஏறத்தாழ 36 சதவீதமே. ஆகவே வண்டன்மேட்டின் குறை வண்டன்மேட்டுக்கு மட்டும் உரியதல்ல.

செய்ய வேண்டியவை கடினமானவையும் அல்ல. வைப்பு நிதி இல்லாத இடங்களில், கூலியின் ஒரு பகுதியையே மத்திய அரசு மானியமாக ஏற்கலாம். அதைத் தொழிலாளியின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தினால் முறைகேட்டுக்கும் இடமிராது. நறுமணப் பொருள் வாரியத்தின் மானியங்களில், மாற்றுத் திறனாளிகளுக்கு வேலை தரும் தோட்டங்களுக்கு முன்னுரிமை அளிக்கலாம். தனித்துவ அடையாள அட்டை நாடு முழுவதும் செல்லும் என்பதால், தேனியில் வசித்து இடுக்கியில் வேலை செய்பவர் எந்த மாநிலத்தவர் என்ற கேள்வி சலுகைக்குத் தடையாகக் கூடாது. இதற்கு இரு மாநில அரசுகளும் உடன்பட வேண்டும்.

உதவித்தொகை பசியாற்றும், வேலைதான் மதிப்பைத் தரும். நிரந்தர ஊழியர் பட்டியலும் மாதச் சம்பளமும் உள்ள நிறுவனங்களை மட்டுமே மனத்தில் கொண்டு எழுதப்பட்ட சலுகையை, அன்றாடக் கூலிக்கும் பொருந்துமாறு திருத்தி எழுதுவது மத்திய அரசின் கடமை.