பிஎச்.டி மாணவர்களும் கொரோனாவும்: கெடு நீண்டது, உதவித்தொகை நீளல... என்ன நடந்தது?

2020 மார்ச் 25. நாடு முழுக்க ஊரடங்கு. கடை, பஸ் மட்டுமில்ல, பல்கலைக்கழக ஆய்வகங்களும் பூட்டப்பட்டன. கல்லூரித் தேர்வு நடக்குமா என்பது தினமும் தலைப்புச் செய்தியானது. பிஎச்.டி மாணவர்களின் நிலைமை பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசல.

சிக்கல் எங்கே தொடங்கியது?

ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களும் செடிகளும் ஊரடங்கு முடியும்வரை காத்திருக்காது. பாதியில் விட்ட சோதனையை முதலில் இருந்து தொடங்கணும். ஊர் ஊராகப் போய் தகவல் சேகரிப்பவர்களும் வீட்டில் முடங்கினர்.

யுஜிசி என்ன சொன்னது?

2020 ஏப்ரலில் எம்.ஃபில், பிஎச்.டி மாணவர்களுக்கு 6 மாத அவகாசம் தந்தது. வாய்மொழித் தேர்வை வீடியோ கால் மூலம் நடத்தலாம் என்றது. அடுத்தடுத்தும் கெடு நீட்டிக்கப்பட்டது. ஆனால் அந்த நீட்டிப்பு அறிவிப்புகளில் இன்னொரு வரியும் இருந்தது: உதவித்தொகை 5 ஆண்டுகள் மட்டுமே!

இதனால் யாருக்கு பாதிப்பு?

அப்போது ஜேஆர்எஃப் தொகை மாதம் 31,000 ரூபாய். 2 ஆண்டுகளுக்குப் பின் 35,000. 2015 ஜூலையில் உதவித்தொகை பெறத் தொடங்கியவருக்கு 2020 ஜூனோடு 5 ஆண்டு முடிந்துவிடும். ஆய்வை முடிக்க அவகாசம் உண்டு, வாடகை கட்ட பணம் இல்லை.

கட்டுரை வெளியிடுவதில் என்ன மாற்றம்?

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு ஆய்விதழ்க் கட்டுரையும் இரண்டு கருத்தரங்க உரைகளும் அன்று கட்டாயம். கருத்தரங்குகள் ஆன்லைனுக்கு மாறியதால் பயணச் செலவு மிச்சம். ஆனால் டீ இடைவேளையில் மூத்த ஆய்வாளரிடம் அறிமுகமாகி, அடுத்த வேலைக்கு வழி தேடும் வாய்ப்பு போச்சு.

இன்னொரு பக்கம், ஆய்விதழின் பரிசீலனைக்குக் காத்திருக்காமல் கட்டுரையை உடனே இணையத்தில் போடும் 'பிரிபிரிண்ட்' முறை வேகமெடுத்தது. இதில் ஆபத்தும் இருந்தது. கொரோனா வைரஸில் எச்ஐவி போன்ற பகுதிகள் இருப்பதாக டெல்லி ஆய்வாளர்கள் 2020 ஜனவரி இறுதியில் போட்ட கட்டுரை, கடும் விமர்சனத்தால் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது.

இப்போது நிலைமை என்ன?

2022 நவம்பரில் வந்த புதிய விதிகளில், ஆய்விதழ்க் கட்டுரை கட்டாயம் என்பதை யுஜிசி நீக்கியது. ஆனால் வேலைக்கான நேர்காணலில் 'எத்தனை கட்டுரை?' என்ற கேள்வி இன்னும் மாறல. அடுத்த பேரிடரில் கெடுவை நீட்டினால், உதவித்தொகையும் சேர்ந்து நீளணும். இல்லாவிட்டால் வீட்டில் வசதி இருப்பவர்தான் ஆய்வை முடிக்க முடியும்.