கடல் தானே கசிந்ததா, கொம்பனி கொட்டியதா?

மன்னார்க் கடலில் செல்வம் புதைந்து கிடக்கிறதென மேடைதோறும் முழங்குகின்றனர். கிடக்கிறதுதான். 1970களிலேயே சோவியத் வல்லுநர் துணையுடன் பேசாலையில் துளையிட்டனர். 2011இல் கெயிர்ன் கொம்பனி, 1,300 மீற்றருக்கும் மேற்பட்ட நீராழத்தில், டொராடோ, பரகூடா எனும் இரு கிணறுகளில் எரிவாயு கண்டது. 2015இல் விட்டுச் சென்றது. நாளை வேறொருவர் வருவார். வரட்டும். நாம் கேட்பது வேறு.

கடலடியிலிருந்து எண்ணெய் இயற்கையாகவும் கசிவதுண்டு. அதனைக் கண்டறிய 1980களிலேயே மேலைநாட்டார் வழி கண்டனர். விமானம் தாழப் பறந்து ஊதா கடந்த லேசர் கதிரை நீர்மேற் பாய்ச்சும். அங்கே எண்ணெய்ப் படலம் இருப்பின், மயிரிழையினும் பன்மடங்கு மெல்லியதாயினும், ஒளிர்ந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். எண்ணெய் தேடுவோருக்கு அது புதையலின் தடயம். நமக்கோ, அது நீதிமன்றச் சான்று!

எவ்வாறெனில், நாளை நாச்சிக்குடா மீனவர் வலையில் தார் ஒட்டினால், “எம் கிணற்று எண்ணெயன்று; கடல் தானே கசிந்தது” எனக் கொம்பனி கைவிரிக்கும். அமெரிக்காவின் சாந்தா பார்பரா கடலில் 1969இல் யூனியன் ஒயில் கிணறு வெடித்தது. அக்கடலோ இயற்கைக் கசிவுக்கும் பேர்போனது. அங்கே ஒதுங்கும் தாரின் பிறப்பிடத்தை ஆய்வுகூடத்திலன்றித் துணிய முடிவதில்லை. அவர்களுக்கு ஆய்வுகூடமாவது உண்டு. நம் மீனவருக்கு?

ஸ்கந்தபுரத்துக் கமக்காரர், “கடலோடு எமக்கென்ன?” என்பார். அவர் வீட்டுச் சட்டியில் வேகும் மீன் அனைத்தும் அக்கராயன் குளத்திற் பிடித்தவையா? எண்ணெய் தேடப்படும் காவிரிப் படுகை பாக்கு நீரிணைக்கு அடியிலும் படர்ந்திருக்கிறது என்பதை அவர் மறத்தலாகாது.

எனவே, துளையிடுமுன் கசிவை அளந்திடுக! ஒருமுறை பறந்தாற் போதாது. மேலெழும் எண்ணெயை நீரோட்டம் இழுத்துச் செல்லும், கப்பற்கழிவும் கண்ணை ஏமாற்றும். கடல் அமைதியான நாட்களிற் பன்முறை பறந்து, மாதிரி எடுத்து, வரைபடத்தை மீனவர் சங்கங்களிடம் ஒப்படைத்தல் வேண்டும். வர்த்தக இரகசியமென்பரோ? 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் அவ்விலக்கை அளிக்கிறது. பொதுநலன் மேலோங்குமிடத்து அவ்விலக்கு நில்லாதென்றும் அதே சட்டம் சொல்கிறது.

வரைபடத்தில் இல்லாத இடத்தில் எண்ணெய் மிதப்பின், தன்மேற் குற்றமில்லையென நிறுவும் சுமை கொம்பனியுடையதே என்னும் வாசகம் இனிவரும் ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் ஏறவேண்டும். நம் வாக்குகளாற் பாராளுமன்றம் சென்ற வடபுல உறுப்பினர்களுள், எழுந்து இதனைக் கேட்கப்போகிறவர் யார்?