தாயக்கட்டைக்கு ஞாபகம் கிடையாது



தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லேயே தடை வந்துவிட்டது. ஆனாலும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமிருந்து செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு போய் கேரளச் சீட்டு வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கேட்டால், "இத்தனை வருஷமா வாங்கியாச்சு, இனிமே விழுந்துதானே ஆகணும்?" என்கிறார்கள்.

ஆக வேண்டியதில்லை. நம் வீட்டுத் தாயத்தையே பாருங்கள். ஒரு கட்டைக்கு 0, 1, 2, 3 என நாலு பக்கம். இரண்டு கட்டைக்கு 4 × 4 = 16 விதம். அதில் தாயம் 2 விதம், அதாவது எட்டில் ஒன்று. ஏழு முறை விழாவிட்டாலும் எட்டாவது முறைக்கும் அதே எட்டில் ஒன்றுதான். முன்னே என்ன விழுந்தது என்று கட்டைக்குத் தெரியாது. குலுக்கலுக்கும் தெரியாது.

1654-ல் பாஸ்கலும் ஃபெர்மாவும், பாதியில் நின்ற ஆட்டத்தின் பணயத்தைப் பிரிப்பது எப்படி என்று கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஜெயித்த ஆட்டங்களின் விகிதத்தில் பிரிக்காதே, இனி என்னென்ன நடக்கக்கூடும் என்று எண்ணிப் பிரி என்பதே அவர்கள் கண்ட வழி. 1657-ல் ஹைகன்ஸ் ஒரு வாய்ப்புக்கு நியாய விலை என்ன என்று கணக்குப் போட்டுக் காட்டினார். வசூலை விடப் பரிசுத்தொகை குறைவு என்றால், சீட்டின் விலை நியாயமில்லை. அவ்வளவுதான்.

"கணக்கு வேற, ராசி வேற. பக்கத்து ஊர்க்காரருக்கு விழுந்துச்சே?" என்பீர்கள். யாருக்காவது விழும் என்பது நிச்சயம். உங்களுக்கு விழும் என்பது நிச்சயமல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக்கித்தான் சீட்டு விற்கிறார்கள்.

விட்ட காசு விட்டதுதான். அடுத்த வாரக் கூலியையாவது வீட்டில் கொடுங்கள்.