சிவப்பு எழுத்து பிள்ளையின் பிழை அல்ல

போன கிழமை உயர்தர ஐ.சி.டி. மாணவன் ஒருவன் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தான். வாப்பா கட்டாரில் இருந்து கொண்டுவந்த பழைய மெஷின். விண்டோஸ் 7, 32 பிட். யூடியூப்பில் பார்த்தபடி பைதனுக்கு ஒரு பெக்கேஜ் போட முயன்றிருக்கிறான். திரை நிறையச் சிவப்பு எழுத்து. அதற்குள் ஓரிடத்தில் "மைக்ரோசொப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் 14.0 தேவை" என்று கிடந்தது.

"சேர், எனக்கு இது சரிவராது போல. நான் வேற பாடம் மாறப் போறன்" என்றான்.

அவன் தட்டிய கட்டளையில் ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பைதனில் பெக்கேஜ்களை இறக்கித் தருவது பிப் என்ற கருவி. அது விண்டோசிலும் ஓடும், லினக்சிலும் ஓடும். ஆனால் கருவி ஓடினால் போதாது, அது கொண்டுவரும் சாமானும் ஓட வேண்டும். பல பெக்கேஜ்களின் உள்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. அதை அந்தந்தக் கணினிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்க கொம்பைலர் வேண்டும்.

சட்டை ஒன்றை நினைத்துப் பாருங்கள். கடைக்காரர் துணியை மட்டும் அனுப்பி "தைத்துப் போடுங்க" என்கிறார். லினக்ஸ் வீட்டில் தையல் மெஷின் இருக்கும், இல்லாவிட்டாலும் ஒரு கட்டளையில் வந்துவிடும். விண்டோஸ் வீட்டில் அது இல்லை. வாங்கப் போனால் ஜிபி கணக்கில் டேட்டா போகும். அந்தச் சிவப்பு எழுத்தின் அர்த்தம் "உனக்கு மூளை இல்லை" என்பதல்ல. "இந்த வீட்டில் தையல் மெஷின் இல்லை" என்பதுதான்.

இதற்கான தீர்வும் தானாக வரவில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய கிறிஸ்டோப் கோல்கே என்பவர், நூற்றுக்கணக்கான பெக்கேஜ்களை விண்டோசுக்குத் தைத்து, இலவசமாகத் தன் பக்கத்தில் போட்டுவந்தார். உலகம் முழுக்க எத்தனையோ மாணவர்களும் ஆசிரியர்களும் அதில் தங்கியிருந்தார்கள். 2022இல் ஆய்வுகூடத்துக்கான நிதி நின்றதும் அந்தச் சேவையும் முடிவுக்கு வந்தது.

இதற்கிடையில் 2013இல் வீல் என்ற வடிவம் பைதனில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. வீல் என்றால் தைத்து முடித்த ரெடிமேட் சட்டை. இன்று பெரும்பாலான பெக்கேஜ்கள் அப்படித்தான் வருகின்றன. ஆனால் ரெடிமேட்டுக்கு அளவு உண்டு: எந்த விண்டோஸ், 32 பிட்டா 64 பிட்டா, பைதனின் எந்த வெர்ஷன். பைதன் 3.9 முதல் விண்டோஸ் 7க்கு ஆதரவு இல்லை. 32 பிட்டுக்குத் தைப்பதையும் பல பெக்கேஜ்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். அளவு கிடைக்காதபோது பிப் பழையபடி துணியைக் கொண்டுவந்து கொடுக்கும். எங்கள் மாணவன் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சம்பளமில்லாமல் செய்கிறவர்கள் பலர். ஆனால் பழைய அளவு முதலில் கைவிடப்படும்போது யாருக்கு அடி விழுகிறது? புது லெப்டொப் வாங்க வசதியில்லாத பிள்ளைக்குத்தான். அந்தப் பிள்ளையோ அதைத் தன் குறையென்று நினைத்துக்கொள்கிறது. எனக்கு நோவது இதுதான்.

"லினக்ஸ் போட்டால் முடிந்ததே" என்பார்கள். பழைய மெஷினுக்கு நல்ல யோசனைதான், நானும் சொல்வேன். ஆனால் வீட்டில் ஒரே ஒரு லெப்டொப். தங்கச்சியின் பாடமும் உம்மாவின் வீடியோ கோலும் அதில்தான். எல்லா வீட்டிலும் அதை உடனே மாற்ற முடியாது.

ஆகவே மூன்று வேண்டுகோள்.

பாடசாலைக்குக் கணினி அன்பளிப்புச் செய்யும் சகோதரர்களே, எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். 64 பிட்டா, எந்த விண்டோஸ் ஓடும் என்று கேட்டு வாங்குங்கள். ஓடாத பத்தைவிட ஓடும் நாலு மேல்.

ஆசிரிய நண்பர்களே, லெப்பில் உள்ள ஒரு கணினியில் "பிப் டவுன்லோட்" கட்டளையால் தேவையான பெக்கேஜ்களை ஒரு தடவை இறக்கி பென் டிரைவில் வையுங்கள். அதே விண்டோசும் அதே பைதனும் உள்ள மற்றக் கணினிகளுக்கு டேட்டா இல்லாமலே போடலாம்.

கெம்பஸில் படிக்கும் தம்பி தங்கைமாரே, நீங்கள் எழுதும் புரோகிராமை உங்கள் புது லெப்டொப்பில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு "வேலை செய்யுது" என்று சொல்லாதீர்கள். ஊருக்கு வரும்போது எங்கள் லெப்பிலும் ஒருக்கா ஓட்டிப் பாருங்கள். கோல்கே செய்ததும் அடிப்படையில் இந்த வேலைதான். இன்ஷா அல்லாஹ், எங்கள் ஊரிலிருந்தும் அப்படி ஒருவர் வரலாம்.

அந்த மாணவனுக்கு என்ன நடந்தது? அதே பெக்கேஜின் பழைய வெர்ஷன் ஒன்றுக்கு 32 பிட் வீல் இருந்தது. வெர்ஷன் எண்ணைக் குறிப்பிட்டுப் போட்டோம், ஒரு நிமிடத்தில் முடிந்தது. பாடம் மாறும் கதையை அவன் பிறகு எடுக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை திரையைப் பார்த்துத் தலை குனிந்திருந்தால், முதலில் அந்தச் சிவப்பு எழுத்தை வாசித்துப் பாருங்கள். பிறகு பிள்ளையைப் பேசலாம்.