‘கட்டுப்பாட்டை இழந்த’ பஸ்ஸும் ஒரு வளைவின் கணக்கும்

2025 மே 11 அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற இலங்கை போக்குவரத்துச் சபை பஸ் கொத்மலை கெரண்டியெல்லவில் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செப்டெம்பர் 4 இரவு எல்ல – வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ்; அதில் தங்காலை நகர சபை ஊழியர்கள் உட்பட 15 பேர். இப்படியான செய்திகளுக்கென்றே நம்மிடம் ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது: ‘சாரதியின் கட்டுப்பாட்டை இழந்து விபத்துக்குள்ளானது.’

அந்தக் கட்டுப்பாடு என்பது உண்மையில் என்ன? உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு இது பழைய கணக்கு. சமதளமான வளைவில் திரும்பும் வாகனத்தை உள்நோக்கிப் பிடித்து வைத்திருப்பது டயருக்கும் வீதிக்கும் இடையிலான உராய்வு மட்டும்தான். வேகம் இரண்டு மடங்கானால் தேவைப்படும் பிடி நான்கு மடங்காகும். உராய்வுக் குணகம், புவியீர்ப்பு ஆர்முடுகல், வளைவின் ஆரை மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் உச்ச வேகம் கிடைக்கும்.

உதாரணத்துக்கு 30 மீற்றர் ஆரையுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்கிறேன். காய்ந்த வீதி, நல்ல டயர், குணகம் 0.7 என்றால் மணிக்கு ஏறத்தாழ 52 கிலோமீற்றர். மழையில் அது 0.4 ஆனால் 39. தவாளிப்பு தேய்ந்த டயரும் நனைந்த வீதியும் சேர்ந்து 0.25 ஆனால் 31. காலையில் 40இல் பத்திரமாகத் திரும்பிய சாரதி, மாலை மழைக்குப் பிறகு அதே 40இல் வழுக்கலாம். அவர் எதையும் மாற்றவில்லை.

இந்தக் கணக்கில் வாகனத்தின் திணிவு வெட்டுப்பட்டுப் போகிறது. அதற்காக எத்தனை பேரையும் ஏற்றலாம் என்று அர்த்தமில்லை. உயரமான வாகனம் வழுக்குவதற்கு முன்பே புரண்டுவிடக்கூடும். இடது வலது சில்லுகளுக்கு இடையிலான அகலத்தின் பாதியைப் புவியீர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் வருவதே புரளும் எல்லை. பாதி அகலம் 1 மீற்றர், உயரம் 1.2 என்றால் 0.83. உயரம் 1.5 ஆனால் 0.67; அதாவது நமது வளைவில் 50இலேயே, வழுக்கும் முன்னரே, புரளும். பஸ் ஒரு பக்கம் சாயும்போது இந்த எண் இன்னும் இறங்கும். இந்த நாட்டில் பல பஸ்கள் லொறி அடிச்சட்டத்தின் மேல் கட்டப்பட்டவை, ஆகவே ஏற்கெனவே உயரமானவை. நின்றுகொண்டு பயணிப்பவர்களும் கூரைப் பொதிகளும் அந்த மையத்தை மேலும் உயர்த்துகிறார்கள்.

இறக்கத்தில் திணிவு வேறு வழியில் வருகிறது: அவ்வளவு பாரமும் பிறேக்கில் வெப்பமாகச் சேர்கிறது. வளைவுக்குள் பிறேக் பிடித்தால், திரும்புவதற்கு வேண்டிய அதே பிடியை நிறுத்துவதற்கும் பங்கிட வேண்டும்.

சரி, இந்த எண்கள் யாருடைய கையில் இருக்கின்றன? வேகம் சாரதியின் காலடியில். நித்திரை தூங்குபவரையும் போட்டி போட்டு ஓடுபவரையும் நான் காப்பாற்ற வரவில்லை. ஆனால் ஆரையும் வெளிப்பக்கச் சரிவும் பாதுகாப்பு வேலியும் வீதியை அமைப்பவர்களுடையவை. டயர் சாலைக்கோ உரிமையாளருக்கோ உரியது. நின்று செல்வோர் தொகை, எத்தனை பஸ் ஓடுகிறது என்பதில் தங்கியிருக்கிறது. கெரண்டியெல்ல நடந்தது வெசாக் விடுமுறைக் காலத்தில்.

ஆண்டுதோறும் 2,000க்கும் அதிகமானோர் இந்நாட்டு வீதிகளில் இறக்கிறார்கள். இதை மலைநாட்டின் பிரச்சினை என்று வன்னியின் நேர் வீதிகளில் இருந்துகொண்டு ஒதுக்கிவிட முடியாது. நமது இரவு பஸ்களிலும் இதே அடிச்சட்டமும் இதே டயரும்தான். கதிர்காமத்துக்கு நம்மவர்களும் போகிறார்கள். அதைவிட, யாரும் செய்யாததுபோல எழுதப்படும் மரணங்கள் நமக்குப் புதியவை அல்ல. 2017இலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரம் இருக்கும் தாய்மார் கேட்பதும் ‘யார்’ என்றுதான்.

ஆகவே ஒவ்வொரு விபத்து விசாரணை அறிக்கையிலும் வளைவின் ஆரை, தவாளிப்பின் ஆழம், பயணிகள் தொகை, அடிச்சட்டத்தின் வகை ஆகியவை அச்சில் வரவேண்டும். ‘மெதுவாகச் செல்லவும்’ என்ற பலகைக்குப் பதில், அந்த வளைவுக்கு மழையில் எத்தனை கிலோமீற்றர் என்ற எண்ணை எழுதலாம். எண்ணுக்கு மொழிபெயர்ப்பும் தேவையில்லை.