அம்புக்குறி எங்கே முடிகிறது?

உணவுச் சங்கிலியை வரையச் சொன்னால் மாணவர்கள் பலரும் புல், மான், புலி என்று வரைந்து நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. ஆனால், புலி இறந்த பிறகு என்ன ஆகிறது? இந்தக் கேள்வியைக் கேட்காத பாடம் அரைப் பாடம் என்பது என் கருத்து.

நான் கற்பிப்பது இயற்பியல். அந்த நோக்கில் பார்த்தால் காட்டில் இரண்டு ஓட்டங்கள் உள்ளன. முதலாவது ஆற்றலின் ஓட்டம். சூரிய ஒளியைப் புல் உணவாக மாற்றுகிறது. அதிலிருந்து ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆற்றலே மானின் உடலில் சேர்கிறது. மானிடமிருந்து புலிக்கும் அப்படியே. மற்றதெல்லாம் முடிவில் வெப்பமாகச் சிதறிவிடும். மீண்டும் புல்லுக்கு வராது. ஆகவே சூரியன் நாள்தோறும் புதிதாகத் தந்தாக வேண்டும்.

இரண்டாவது பொருளின் ஓட்டம். நைட்ரஜனும் பாஸ்பரசும் சூரியனிலிருந்து வருவதில்லை. இறந்த உடல்களிலிருந்து அவை மண்ணுக்குத் திரும்பினால்தான் நாளை புல் முளைக்கும். பாக்டீரியா, காளான், வண்டு, பிணந்தின்னிக் கழுகு ஆகியவை இந்த வேலையைச் செய்கின்றன. நாம் வரையாமல் விடுவது இவற்றைத்தான்!

விட்டால் என்ன நேரும்? 1990-களில் இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. 1992-ல் ஆயிரம் வெண்முதுகுக் கழுகுகள் இருந்தன என்று வைத்துக்கொண்டால், 2007-ல் எஞ்சியது ஒன்றுதான். காரணம் 2004-ல் தெரியவந்தது. மாடுகளின் வலி தீர்க்கக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற மருந்து, இறந்த மாட்டின் உடலில் தங்கியிருந்தது. அதைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகங்கள் செயலிழந்தன.

கழுகு இல்லாவிட்டால் பாக்டீரியா அந்த வேலையைச் செய்யாதா என்று நீங்கள் கேட்கலாம். செய்யும், ஆனால் மெதுவாக. கழுகுக் கூட்டம் சில மணி நேரத்தில் முடிக்கும் மாட்டுடல் பல நாள் கிடந்து அழுகும். அந்த இறைச்சி தெருநாய்களுக்குக் கிடைத்தது. நாய்கள் பெருகின; வெறிநாய்க்கடி அபாயமும் கூடியது. மாட்டுக்குப் போட்ட ஊசிக்கும் மனிதனைக் கடிக்கும் நாய்க்கும் உள்ள தொடர்பை நேர்கோட்டுச் சங்கிலி காட்டுமா? உணவு வலைதான் காட்டும்.

2006-ல் கால்நடைகளுக்கு இம்மருந்து தடை செய்யப்பட்டது. மெலாக்சிகாம் என்ற பாதுகாப்பான மாற்று மருந்தும் இருக்கிறது. ஆனால் கழுகு ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். பதினைந்து ஆண்டுகளில் அழிந்ததை மீட்கப் பல தலைமுறைகள் ஆகும். நம் நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கில் இன்றும் சில கழுகுகள் கூடு கட்டுகின்றன. அவற்றை இழக்கலாமா?

மாணவ நண்பர்களே! அடுத்த முறை உணவுச் சங்கிலி வரையும்போது புலியிடம் பென்சிலை நிறுத்தாதீர்கள். மண்ணை நோக்கி இன்னும் ஓர் அம்புக்குறி போடுங்கள். அதன் அருகே கழுகையும் காளானையும் எழுதுங்கள்.