புயலின் பலம் பெயரில் இருக்கிறதா?

கேள்வி: ''2018-ல் கஜா புயலில் எங்கள் தென்னந்தோப்பே சாய்ந்துவிட்டது. 'யானைப் பேரு வெச்சா மிதிக்கத்தானே செய்யும்' என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். புயல் எப்படி உருவாகிறது, பெயரை யார் வைக்கிறார்கள்?''
- தென்னை விவசாயி, பேராவூரணி.

பதில்: பிள்ளையைப்போல வளர்த்த மரங்கள் ஒரே இரவில் விழுந்தால், அந்தப் பெயரைக் கேட்டாலே மனம் பதறத்தான் செய்யும். ஆனால், பெயருக்கும் பலத்துக்கும் சம்பந்தமில்லை.

புயலுக்குத் தீனி, கடலின் சூடுதான். சுமார் 50 மீட்டர் ஆழம் வரை கடல்நீர் 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால், ஈரக்காற்று நிறைய மேலே எழும்பும். உயரத்தில் நீராவி குளிர்ந்து மேகமாகும்போது வெளிப்படும் வெப்பம், காற்றை இன்னும் மேலே தள்ளும். கீழே காற்றழுத்தம் குறையும். அங்கே சுற்றுப்புறக் காற்று ஓடிவரும். பூமி சுழல்வதால் அது நேராக வராமல், நம் பகுதியில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். கரையேறிவிட்டால் தீனி கிடைக்காமல் வலுவிழக்கும்.

காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் தாழ்வு மண்டலம். 50-ஐத் தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால் புயல். அப்போதுதான் பெயர். வங்கக்கடல், அரபிக்கடல் புயல்களுக்கு 2004 முதல் இப்படிப் பெயர் சூட்டுகிறார்கள். இப்போதுள்ள பட்டியல் 2020-ல் வெளியானது. 13 நாடுகள், தலா 13 பெயர்கள், மொத்தம் 169. டெல்லியிலுள்ள இந்திய வானிலை ஆய்வுத் துறை, வரிசைப்படி அடுத்த பெயரை எடுத்து வைக்கும். இந்தியா கொடுத்தவற்றில் 'முரசு' என்ற தமிழ்ப் பெயரும் உண்டு.

கஜா, பழைய பட்டியலில் இலங்கை கொடுத்த பெயர். 2016-ல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்த 'வர்தா', பாகிஸ்தான் கொடுத்தது. அதற்கு ரோஜா என்று பொருள். 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த மழைக்கோ, பெயர் சூட்டும் அளவுக்குப் புயலே இல்லை.

ஆகவே, செய்தியில் பெயரைக் கேட்டதோடு விட்டுவிடாதீர்கள். காற்றின் வேகம், கரையைக் கடக்கும் இடம், நேரம், மழை அளவு ஆகியவற்றைக் கவனியுங்கள். எச்சரிக்கை வந்ததுமே முற்றிய காய்களையும் இளநீரையும் இறக்கி, பழைய மட்டைகளைக் கழித்துவிட்டால் மரத்தின் தலைப்பாரம் குறையும். காற்று வீசத் தொடங்கிய பிறகு மரமேற வேண்டாம்.

இன்னொன்று. கடும் காற்று சட்டென்று அடங்கினால், புயலின் கண் உங்கள் ஊருக்கு மேல் இருக்கலாம். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி வீசும். 'ஓய்ந்துவிட்டது' என்று தோப்பைப் பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள். மரத்தைத் திரும்ப நட்டுக்கொள்ளலாம்.